நாலு லினக்ஸ், ஒரு பழைய லாப்டொப், ஆறு வருடம்

என் லாப்டொப்பின் அடிப்பக்கத்தில் இரண்டு ஆணிகள் துருப்பிடித்துத் தலை தேய்ந்துவிட்டன. வீடு திருகோணமலை உப்புவெளியில். கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். இங்கே கதவுப் பூட்டு, சைக்கிள் செயின், மின்விசிறி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. கொம்பியூட்டரின் உள்ளேயும் அது போகும் என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. அது புரிவதற்குள், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் வகைகள் சிலவற்றை அநியாயமாகக் குறை சொல்லிவிட்டேன்.

நான் மென்பொருள் துறை ஆள் இல்லை. உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு வினாத்தாளாவது தமிழில் தட்டச்சுச் செய்து, கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுக்கவேண்டும். லாப்டொப் பழையது: நான்காம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ரேம். 2019இல் இரண்டாம் கையாக வாங்கியபோது விண்டோஸ் 10 அதில் ஊர்ந்தது. அப்படித்தான் லினக்ஸ் பக்கம் வந்தேன். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, பதினொன்றுக்கு ஏறாத கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு "எந்த லினக்ஸ் நல்லது?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போட்டது உபுண்டு 18.04. நிறுவும்போது "மூன்றாம் தரப்பு மென்பொருள்களையும் சேர்" என்று ஒரு பெட்டி வரும். அதில் சரி போட்டதால் வைஃபை முதல் நாளே வேலை செய்தது. அந்தச் சின்னப் பெட்டியின் பெறுமதி அப்போது தெரியவில்லை. ஆனால் நாலு ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உபுண்டுவின் திரை அமைப்பான க்னோமுக்குப் போதவில்லை. பயர்பொக்ஸில் ஐந்து பக்கம் திறந்து, லிப்ரே ஒபிஸையும் திறந்தால் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

2020இல் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினேன். அதோடு லினக்ஸ் மின்ட் 20 சின்னமன் பதிப்பையும் போட்டேன். வேகம் கூடியதும் எல்லோரிடமும் மின்டைப் புகழ்ந்தேன். உண்மையில் அந்த வேகத்தின் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குச் சேரவேண்டியது. ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்லமுடியாது. நான் செய்த முதல் பிழை அது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. 2021 நடுப்பகுதியில் லாப்டொப் அப்படியே உறையத் தொடங்கியது. சுட்டி நகராது, விசைப்பலகை கேளாது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் வழி. நாளைக்கு ஒருமுறை, சில நாள் மூன்றுமுறை. மின்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபெடோரா 34 போட்டேன். அதிலும் உறைந்தது. உபுண்டு 20.04க்குப் போனேன். நாலு நாள் நன்றாக ஓடி, ஐந்தாம் நாள் ஐந்தொகை ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போது நின்றது. ஒவ்வொரு முறையும் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்து, புதிதாக நிறுவி, தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் மறுபடி அமைத்து... இரண்டு மாதம் போயிற்று.

அப்புறம்தான் முதலிலேயே பார்த்திருக்கவேண்டியதைப் பார்த்தேன். லினக்ஸில் முந்தைய இயக்கத்தின் பதிவேட்டைத் திரும்ப வாசிக்கலாம். ஜேர்னல்சிடிஎல் என்ற கட்டளைக்கு இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு, பி என்ற எழுத்து, அப்புறம் மைனஸ் ஒன்று கொடுத்தால் போதும். ஒரு மென்பொருள் பிழைவிட்டிருந்தால் கடைசி வரிகளில் பெரும்பாலும் அதன் பெயரோ ஒரு முறைப்பாடோ இருக்கும். என் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை. சாதாரண வரிகள் போய்க்கொண்டே இருந்து, கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தன. எழுத அவகாசமே கிடைக்காமல் நின்றிருக்கிறது என்றால் வன்பொருளையும் சந்தேகிக்கவேண்டும். பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு இரவு ஓடவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் சிவப்பு வரிகள்.

மூடியைக் கழற்றி ரேமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தங்க நிறத்தில் மின்னவேண்டிய தொடுமுனைகளில் ஒரு பக்கம் மங்கி, ஓரத்தில் பச்சைப் படலம். மாணவர் ஒருவர் விட்டுப்போன பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். தூள் போக ஊதி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். அன்றிரவு மெம்டெஸ்ட் விடியும்வரை ஓடியது. ஒரு சிவப்பு வரியும் வரவில்லை. இன்றுவரை அந்த உறைவு திரும்பவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள், கொம்பியூட்டர் காரணமில்லாமல் நின்றால் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, மாற்றுவதற்கு முன் ரேமைச் சோதியுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அந்த இரண்டு மாதத்தில் ஃபெடோராவைப் பற்றி ஒன்று கற்றுக்கொண்டேன். அது மிகச் சுத்தமான அமைப்பு. தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் இசட்ரேம் வசதி ஃபெடோரா 33 முதல் இயல்பாகவே வருகிறது. நாலு ஜிபி ரேமில் அதன் உதவி கண்கூடு. ஆனால் மூலநிரலை வெளியிடாத, அதாவது மூடிய, டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை) ஃபெடோரா தன்னோடு தருவதில்லை. அது அவர்களின் கொள்கை, அதை மதிக்கிறேன். என் லாப்டொப்பின் வைஃபை சிப்புக்கோ அப்படிப்பட்ட டிரைவர்தான் வேண்டும். நிறுவி முடித்ததும் வைஃபை இல்லை, வைஃபைக்கு டிரைவர் இறக்க இணையம் இல்லை. போனை யுஎஸ்பி வயரில் செருகி, டெதரிங் போட்டு அதன் டேட்டாவில் இறக்கினேன். இந்த வழி எந்த லினக்ஸிலும் உதவும், நினைவில் வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று மாதமளவில் ஆதரவு என்பதால் இறக்கவேண்டியதும் அதிகம். எங்கள் வீட்டு இணையப் பொதியில் பாதி, நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லும் டேட்டா. அலாரம் வைத்து எழுந்து அப்டேட் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. நல்ல பைபர் இணைப்பும் புதிய லாப்டொப்பும் இருப்பவருக்கு ஃபெடோராவைத் தயங்காமல் சொல்வேன்.

வைஃபை கதை அதோடு முடியவில்லை. மின்டுக்குத் திரும்பிய பிறகு, 2023இல் ஒரு காலை. பத்து மணிக்கு வகுப்பு, வினாத்தாள் மின்னஞ்சலில். முதல் நாள் இரவு அப்டேட் மனேஜரில் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் புதிய பதிப்பை நிறுவியிருந்தேன். காலையில் வைஃபை அடையாளமே இல்லை. மூடிய டிரைவரை ஒவ்வொரு கேர்னலுக்கும் புதிதாகக் கட்டவேண்டும். கேர்னல் முன்னே போய், டிரைவரின் நிரல் பின்தங்கினால் அந்தக் கட்டுமானம் தோற்றுவிடும். இம்முறை பதறவில்லை. மறுபடி தொடக்கி, அப்போது வரும் குரப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் போய்ப் பழைய கேர்னலைத் தேர்ந்தேன். வைஃபை வந்தது. மொத்தம் மூன்று நிமிடம். பழைய கேர்னலை அழிக்காமல் வைத்திருப்பதால் எத்தனை காலை காப்பாற்றப்படும் என்று அன்று விளங்கியது. அந்த வாரமே லாப்டொப்பைத் திறந்து, கேர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும் வேறு வைஃபை அட்டையைப் போட்டுவிட்டேன். சில லாப்டொப்புகள் வேறு அட்டையை ஏற்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீடு சாம்பல்தீவில். அங்கே ஒரு மேசைக் கொம்பியூட்டர், உபுண்டு 20.04 போட்டுக்கொடுத்தேன். யுபிஎஸ் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்ததே, அந்த நாட்களில் அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, கொம்பியூட்டர் கறுப்பா நிக்குது, இங்கிலிஷில என்னவோ எழுதியிருக்கு." பெட்ரோலும் இல்லை, போய்ப் பார்க்க வழியில்லை. "எழுதியிருக்கிறதை ஒவ்வொரு எழுத்தா வாசி பிள்ளை" என்றேன். கடைசி வரியில் இனிட்ராம்எஃப்எஸ். கரண்ட் பாதியில் போனதால் டிஸ்க்கின் கோப்பமைப்பு குழம்பியிருந்தது. அதற்கு மேல் வரியிலேயே எந்தப் பகுதியைக் கையால் சரிபார்க்கவேண்டும் என்று பெயரும் இருந்தது. எஃப், எஸ், சி, கே, ஓர் இடைவெளி, அப்புறம் அந்தப் பெயர். அவள் தட்டினாள். கேள்விகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஆம் என்பதற்கான 'வை' எழுத்தைத் தட்டினாள். பதினைந்து நிமிடத்தில் திரை வந்துவிட்டது. அக்கா பின்னால் "கரண்ட் திரும்பப் போகமுன்னம் படத்தையெல்லாம் பென்னில போடு" என்று சொல்வது கேட்டது. மிகச் சரியான ஆலோசனை.

அந்த மேசைக் கொம்பியூட்டரில் பிறகு உபுண்டு 22.04 வைத்துப் பார்த்தேன். அதில் பயர்பொக்ஸ், தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்திருக்கும் ஸ்னப் பொதியாக வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க அது எடுத்த நேரத்துக்குள் அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிடுவா. 2023 ஜூனில் டெபியன் 12 வந்ததும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு அதைப் போட்டேன். வைஃபை போன்றவற்றுக்கான மூடிய ஃபேர்ம்வேர்களை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்களை) நிறுவும் கோப்பிலேயே சேர்த்துத் தந்தது அந்தப் பதிப்பில்தான். முன்பெல்லாம் அதைத் தனியே தேடி அலையவேண்டும். போட்டபின் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த அழைப்புகள் இரண்டே இரண்டு. இரண்டும் பிரிண்டருக்கு. மென்பொருள்கள் சற்றுப் பழையவைதான். ஆனால் வீடியோ அழைப்பும் பாட அலுவலும் மட்டும் இருக்கும் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இங்கே பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் பெரும்பாலும் பாமினியில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் 'அம்மா' என்ற சொல்லைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான் தெரியும். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துப் புள்ளி. பாமினி கோப்பை வீட்டுக் கோப்புறையின் எழுத்துருப் பகுதியில் போட்டால் எல்லா லினக்ஸிலும் சரியாகத் தெரிகிறது. இதில் டிஸ்ட்ரோ வேறுபாடு இல்லை. வேறுபாடு தட்டச்சில்தான். யூனிகோட்டில் அடிக்க ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியும் வேண்டும். அதற்குள் தமிழ்99உம் நம் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கின்றன. பாமினியில் பழகிய கைக்கு ரெங்கநாதன் இலகு. உபுண்டுவில் ஐபஸ் ஏற்கெனவே இருக்கும், பொதியை மட்டும் சேர்த்தால் போதும். நான் வைத்திருக்கும் மின்டில் இன்புட் மெதட் பகுதிக்குப் போய் ஐபஸையே நிறுவி, வெளியேறி உள்ளே வரவேண்டும். இது தெரியாமல் மின்டில் தமிழ் வராது என்று விட்டுப்போனவர்களை அறிவேன். கொமினிகேஷனுக்கு எப்போதும் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். ஒருமுறை வேர்ட் கோப்பாகக் கொடுத்து, நாற்பது பிரதியிலும் பேரேட்டுக் கணக்கின் வரவும் செலவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவந்தன.

விண்டோஸையும் கூட வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். விண்டோஸில் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்னால் போனால் பற்றரி பழுதில்லை, லினக்ஸ் உலக நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கடிகாரத்தில் எழுதுவதால் வருவது. விண்டோஸ் டிஸ்க்கில் லினக்ஸிலிருந்து எழுதமுடியாவிட்டால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள்.

இப்போது யாராவது லாப்டொப்போடு வந்தால், டிஸ்ட்ரோவின் பெயரைச் சொல்லுமுன் பென் டிரைவிலிருந்தே மின்டை ஓடவிட்டு வைஃபை, ஒலி, கமரா மூன்றையும் பார்க்கிறேன். மூடித் திறந்து தூங்கி எழும்புகிறதா என்றும் பார்க்கிறேன். இரவு மெம்டெஸ்ட். எல்லாம் தேறினால் தினம் பாவிப்பவருக்கு மின்ட், அடிக்கடி போய்ப் பார்க்கமுடியாத வீட்டுக்கு டெபியன்.

என் லாப்டொப்பில் இருப்பது மின்ட் 21. 2027வரை அதற்குத் திருத்தங்கள் வரும், அவசரமில்லை. டிசம்பர் விடுமுறையில் 22க்கு ஏற்ற எண்ணம். அதற்கு முன் டைம்ஷிஃப்டில் அமைப்பின் பிரதி ஒன்றும், வெளி டிஸ்க்கில் வினாத்தாள்களின் பிரதி ஒன்றும் எடுக்கவேண்டும். டைம்ஷிஃப்ட் இயல்பாக வீட்டுக் கோப்புகளைச் சேர்ப்பதில்லை. மூடியைக் கழற்றும்போது அந்தத் துருப்பிடித்த இரண்டு ஆணிகளையும் மாற்றிவிடலாம்.