மாரி மழைக்கு எது திறம்: கம்பிப் பிறேக் சைக்கிளா, கியர் சைக்கிளா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் எந்தச் சைக்கிளும் ஓடும். இந்த மூன்று மாதத்தில்தான் சைக்கிளின் குணம் தெரியவரும். வீட்டில் அப்பாவின் காலத்து 28 அங்குலக் கம்பிப் பிறேக் சைக்கிள் ஒன்றும், பிள்ளைக்கு வாங்கிய 26 அங்குலக் கியர் சைக்கிள் ஒன்றும் நிற்கிறதென்றால், மழைக்கு எதை வெளியில் எடுப்பது?

முதலில் பிறேக். உயிர் அதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கவேண்டும்.

கம்பிப் பிறேக் என்றால் கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இழுபடுவது. அதில் பிறேக் கட்டை றிம்மின் உட்பக்கத்தில், சில்லுக்கம்பிகள் வந்து ஏறும் முகத்தில் போய் அழுத்துகிறது. றிம் இரும்பு, மேலே குரோம் பூச்சு. கண்ணாடி போல வழுவழுப்பான அந்தப் பூச்சு நனைந்தால் றப்பருக்குப் பிடி கிடைக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில்லு சுழலும்போது தண்ணீர் வெளிநோக்கித் தள்ளப்படும். உட்பக்கத்தில் விழுந்த தண்ணீருக்கு றிம்மே சுவராக நின்று மறிக்கிறது, அதனால் அது லேசில் சிதறிப் போவதில்லை. காய்ந்த றோட்டில் நிற்கிற தூரத்தைவிடப் பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். கட்டை புதிதாக இருந்தாலும் இதே கதைதான்.

கியர் சைக்கிளில் பெரும்பாலும் அலுமினிய றிம், இரண்டு பக்கமும் கவ்வும் வீ-பிறேக். இதிலும் முதல் ஒரு சுற்று, இரண்டு சுற்று பிடிக்காது, கட்டை தண்ணீரை வழித்தெடுக்கவேண்டும். அந்தச் சில்லின் ஒரு சுற்று ஏறக்குறைய 2 மீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 4 மீற்றருக்கு மேல் ஓடும். ஆகவே இரண்டு சுற்று வீணானால் 4 மீற்றர் போய்விட்டது, ஒரு ஓட்டோவின் நீளத்தைவிடக் கூட. சந்தி வருவதற்கு முன்பே பிறேக்கை மெல்லத் தொட்டு, றிம்மைத் துடைத்துக்கொண்டு போவதே வழி. வழித்தெடுத்தபிறகு வீ-பிறேக் நன்றாகப் பிடிக்கும். கம்பிப் பிறேக் துடைத்த பிறகும் அரைகுறைதான்.

வீ-பிறேக்குக்கு எதிரி மணல். மழையில் றிம்மில் ஒட்டிய மணல் கட்டைக்குள் புதைந்து அலுமினியத்தைச் சுரண்டும். பிறேக் பிடிக்கும்போது 'சர்... சர்...' என்று சத்தம் வந்தால், றிம்மில் கறுப்புப் பசை போல வழிந்தால், அதுதான். கட்டையைக் கழற்றி, முகத்தில் மினுங்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் கிண்டியெடுத்து, மண்கடதாசியில் நாலு தடவை தேய்த்துவிட்டுப் பூட்டவேண்டும். இதை விட்டுவிட்டால் றிம்மின் பக்கம் குழிவிழுந்து, ஒருநாள் காற்றின் அழுத்தத்திலேயே வெடிக்கும்.

சில்லின் நடுவிலுள்ள தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிறேக் உள்ள கியர் சைக்கிள் மழையில் எல்லாவற்றையும் விடத் திறம், ஏனென்றால் தட்டு நிலத்திலிருந்து உயரத்தில் இருக்கிறது, வெள்ளத்தில் லேசில் தோயாது. ஆனால் செயினுக்கு ஸ்பிறே ஒயில் அடிக்கும்போது ஒரு துளி அந்தத் தட்டில் பட்டாலும் பிறேக் போச்சு. பின் சில்லுத் தட்டைப் பழைய துணியால் மூடிக்கொண்டுதான் அடிக்கவேண்டும்.

கம்பிப் பிறேக்குக்கு மாற்றாகக் கேபிள் பிறேக் பூட்டலாமா? அந்த றிம்மின் பக்கங்கள் வளைந்தவை, கட்டை சப்பையாகப் போய் இருக்க இடமில்லை. மாற்றுவதென்றால் சில்லோடு மாற்றவேண்டும். அது வரைக்கும் கட்டைக்கும் றிம்முக்கும் நடுவே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாமல் முறுக்கி வையுங்கள். மழையில் ஓட்டம் மெதுவாகவே இருக்கட்டும்.

மட்காட்டில் நிலைமை தலைகீழ்

பழைய சைக்கிளின் முழு மட்காட் சில்லை மேலிருந்து கீழ்வரை மூடும். முன் மட்காட்டின் அடியில் ஒரு றப்பர்த் துண்டு தொங்கினால், அது நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் இறங்கினால், கால் நனையாது, செயினிலும் சேறு ஏறாது. அந்தத் துண்டுக்குப் பழைய ரியூப்பே போதும். கியர் சைக்கிளில் வரும் குட்டைப் பிளாஸ்ரிக் மட்காட் முதுகை மட்டும் காப்பாற்றும். முன் சில்லு எறிகிற சேறு நேராகப் பெடல் அச்சிலும் சப்பாத்திலும் போய் அடிக்கும். வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இது சின்ன விசயமில்லை.

ஆனால் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத் தோட்ட ஒழுங்கைகளில் நனைந்த செம்மண் களிபோல் ரயரில் சுற்றி, முழு மட்காட்டுக்குள் அடைந்து, சில்லையே இறுக்கிவிடும். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி வேண்டும். அடைந்துவிட்டால் தள்ளி இழுக்காமல், ஒரு தடியால் கிண்டியெடுத்துவிட்டு ஏறுங்கள்.

மேலே றப்பர்க் குமிழ்கள் உள்ள பட்டன் ரயர்தான் மழைக்கு நல்லது என்பது பலருடைய நம்பிக்கை. செம்மண் ஒழுங்கைக்கு அது சரி. தார் றோட்டுக்குச் சரியில்லை. சைக்கிள் ரயர் ஒடுக்கமானது, ஓடுகிற வேகமும் குறைவு. கார் ரயர் போலத் தண்ணீர்மேல் மிதக்காது, ஆகவே தண்ணீரை வெளியேற்றக் கோடும் பட்டனும் தேவையில்லை. தாரைப் பிடிப்பது றப்பர்தான், அது எவ்வளவு கூடப் படுகிறதோ அவ்வளவுக்குப் பிடி. வழுக்குகிற இடங்கள் வேறு: றோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ற் கோடு, இரும்பு மூடி, புகையிரதக் கடவை. தண்டவாளத்தைச் செங்குத்தாக, பிறேக் பிடிக்காமல், ஹான்டிலைத் திருப்பாமல் கடக்கவேண்டும்.

செயின்

செயினைப் பொறுத்தமட்டில் பழையதுக்கே முழுப் புள்ளி. முழுச் செயின் கவருக்குள் ஓடும் செயின் மாரி முழுக்க இரண்டு மூன்று தரம் ஒயில் கண்டால் போதும். கியர் சைக்கிளின் செயின் அம்மணமாக ஓடுகிறது. பின்னால் தொங்கும் இரண்டு குட்டிப் பற்சில்லுகளும் சேற்றை வாரி எடுத்துக்கொள்ளும். கியர் தானாகத் தாவுகிறது என்றால் பத்துக்கு எட்டு அங்கே அடைந்த சேறுதான் காரணம், ஸ்குரூவைத் திருகப் போகவேண்டாம்.

கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ போய்வருகிறவர்களுக்கு இன்னொரு கரைச்சல் உப்பு. ஒரே இரவில் செயின் செம்மஞ்சளாகிவிடும். வந்தவுடன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வீட்டுக் கிணறு சவரென்றால் பீலியில் வழிகிற மழைத்தண்ணீரைப் பிடித்துக் கழுவுங்கள். துணியால் துடைத்து, பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டு மூட்டுக்கு ஒரு துளி ஒயில். பத்து நிமிடம் ஊறவிட்டு வெளியில் படிந்ததை ஒட்டத் துடைக்கவேண்டும், ஒயில் மூட்டுக்குள்ளே இருந்தால் போதும், வெளியில் இருப்பது மணலைத்தான் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் வடித்த கழிவு ஒயில் வேண்டாம், அதில் இரும்புத் தூளும் கரியும் கலந்திருக்கும். தேங்காயெண்ணெய் ஒரு மழைக்கே கழுவுண்டு போகும். கிறீஸ் மேலே ஒட்டுமே தவிர உள்ளே இறங்காது.

கியர் உண்மையில் தேவையா? குடாநாட்டில் ஏறுவதற்கு மலையில்லை. வல்லை வெளியில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது மட்டும் கியரின் அருமை தெரியும். தினமும் அப்படியான வெளியைக் கடக்கிறவர் கியர் சைக்கிளை எடுத்து, அதற்கு முழு மட்காட் பூட்டிக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: கியரில்லாத 26 அங்குலச் சைக்கிள், அலுமினிய றிம், கேபிள் பிறேக், முழு மட்காட், முழுச் செயின் கவர். மாரிக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கடையில் 'லேடீஸ் சைக்கிள்' என்று ஆண்கள் ஒதுக்குவது பெரும்பாலும் இதைத்தான், அது வீண் கூச்சம்.

குடையா, றெயின்கோட்டா?

குடை வேண்டவே வேண்டாம். ஒரு கையில் குடை என்றால் ஒரு பிறேக்தான் மிச்சம், அதுவும் நனைந்த பிறேக். போர்வை போன்ற மழைக்கவசம் காற்றோட்டமானது, வேர்க்காது, சாறிக்கும் பாவாடைக்கும் வசதி. ஆனால் பாலங்களில் பக்கக் காற்று அடித்தால் பாய்மரம் போல விரிந்து சைக்கிளை நடு றோட்டுக்குத் தள்ளும். ஊருக்குள்ளே அது, வெளிகளில் இரண்டு துண்டு றெயின்கோட். வலப்பக்கக் கால்சட்டை நுனியை ஒரு றப்பர் பான்டால் இறுக்காவிட்டால் செயின் கவ்வும். தலைமூடி பெரிதாக இருந்தால் திரும்பிப் பார்க்கும்போது கண்ணை மறைக்கும், உள்ளே ஒரு தொப்பி போட்டால் மூடி தலையோடு சேர்ந்து திரும்பும்.

கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ரயரில் உரசும் டைனமோ நனைந்த ரயரில் வழுக்கும், தேவையான நேரத்தில் வெளிச்சம் போய்விடும். பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. பின் விளக்கை மழைக்கவசம் மூடாத இடத்தில், கரியருக்குக் கீழே மட்காட்டில் பூட்டுங்கள்.