சால்மன் ஏறும் ஓடைக்குக் குழாயா, அடித்தட்டில்லா வளைவா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நெடுஞ்சாலைச் சிறுபாலங்கள் (சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்கள்) முட்டையிட ஓடையேறும் சால்மன் மீனின் வழியை மறித்தது பழங்குடிகளின் மீன்பிடி உரிமை வழக்காகி, 2013இல் அவற்றைத் திருத்தும்படி நீதிமன்ற உத்தரவு வந்தது. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனப் பிரிந்ததால் அதுவே நிலைத்தது.

வட்டக் குழாயின் பலம் செலவுதான்: பள்ளம் சிறியது, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஓடையை இறுக்கிப் பிடிப்பதால் நீர் வேகமெடுத்து, வெளிவாயில் மண்ணைத் தோண்டுகிறது. சில மழைக்காலங்கள் போனதும் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். பெரிய சால்மன் தாவிவிடும், குஞ்சுக்கு முடியாது. வளர்ந்த ட்ரவுட் மீனுக்கே நீர் விழும் உயரம் 0.8 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. உள்ளே தடுப்புப் பலகை வைத்து வேகத்தைக் குறைக்கலாம். அதில் கட்டையும் சருகும் சிக்கும், வெள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். ஒட்டுப்போடும் வேலை.

அடித்தட்டில்லா வளைவில் (அடி திறந்து, இருபக்க அஸ்திவாரத்தில் நிற்பது) ஓடையின் படுகை அப்படியே தொடர்கிறது. அகலக் கணக்கு: கரை நிரம்பிய அகலம் (ஓடை கரை ததும்ப ஓடும்போதுள்ள அகலம்) × 1.2 + 2 அடி. 3 மீட்டர் ஓடைக்குச் சுமார் 4.2 மீட்டர். உள்ளே படுகைச் சரிவு மேலோடைச் சரிவைப்போல் 1.25 மடங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பாலமே போடுங்கள். அஸ்திவாரம் மண்ணரிப்பு ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், செலவு கூடுவது இங்கேதான்.

அதிகம் சொதப்புவது வளைவுக்குள் படுகைக்குக் கல் நிரப்புவதில். வெறும் பெருங்கல்லைக் கொட்டினால் கோடையில் நீர் கல்லிடுக்கில் இறங்கி, மேலே படுகை காய்ந்துவிடும். ஒவ்வொரு அடுக்கிலும் மணலையும் பொடிமண்ணையும் நீர் பாய்ச்சி இறக்கி, நீர் மேலே ஓடும்வரை விடக்கூடாது.