நாலு வருஷ ஆனிங் அனுபவம்: நிழல்ல ஒரு குறையும் இல்ல, அந்தப் பைதான்

மெல்பர்ன்ல இருக்கற தம்பி ஒருத்தர் புதுசா ஃபோர் வீல் டிரைவ் எடுத்திருக்காப்ல. போன வாரம் ராத்திரி போன் பண்ணி "அண்ணே, 270 டிகிரி ஆனிங் வாங்கவா, இல்ல உங்கள மாதிரி நேரா இழுக்கறதே போதுமா"ன்னு கேட்டாப்ல. ஆனிங்னா வண்டிக் கூரையோரம் மாட்டி, நிழலுக்கு வெளிய இழுத்து விரிக்கற துணி, விரிக்காதப்ப சுருட்டி ஒரு பைக்குள்ள கெடக்கும்; 270ன்னா விசிறி மாதிரி பின்பக்கத்தையும் சேத்து விரியறது. அன்னிக்கு சாயங்காலம்தான் கேன்வாஸ் தைக்கற கடையிலேர்ந்து என் ஆனிங்கோட பைய வாங்கிட்டு வந்திருந்தேன், பில்லு மேசை மேலயே கெடந்துச்சு, அதனால போன்ல சொன்னது பாதி பதில், பாதி கோவம். மீதிய இங்க எழுதறேன், இதே யோசனைல இருக்கற மத்தவங்களுக்கும் ஆகும்.

என்னோடது 2.5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் வெளிய இழுக்கலாம், ரிப்ஸ்டாப் பாலிகாட்டன் துணி (பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து, கிழிசல் பரவாம நெஞ்சது), 2021 அக்டோபர்ல சிட்னில வாங்கினது. கம்பெனி பேர எழுதல. வேற வேற கம்பெனியோடத வச்சிருக்கறவங்க கிட்ட கேம்ப்ல பேசிப் பாத்துட்டேன், எல்லாரும் இதே பைக் கதையத்தான் சொல்றாங்க.

ஆனிங் வாங்கறப்ப நாம எல்லாரும் துணியத்தான் பாப்போம். எத்தன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தன கிராம்), தண்ணி நிக்குமா, யுவி தடுக்குமா, கம்பு அலுமினியமா. நானும் கடைல நின்னு துணிய விரலால நிமிட்டி நிமிட்டி பாத்தேன். அத சுத்தி இருக்கற பிவிசி பைய ஒரு தடவ கூட தொட்டுப் பாக்கல. இப்ப கணக்கு போட்டுப் பாருங்க, இந்த நாலு வருஷத்துல நான் ஆனிங்க விரிச்சது மிஞ்சிப் போனா அறுபது நாள், மீதி ஆயிரத்து நானூறு நாளும் அது சுருட்டி வண்டி மேலதான் இருந்துச்சு, ஆஸ்திரேலியா வெயில்ல, மழையில, ஹைவேல 110ல அடிக்கற காத்துல. அப்ப உழைக்கறது துணியா, பையா? பைதான். அப்படி உழைக்கற பொருளுக்கு கம்பெனிக்காரங்க போட்டு விட்டிருக்கறது ஒரு சாதா நைலான் காயில் ஜிப், அதாவது தனித்தனி பல்லுக்கு பதிலா நைலான் இழைய சுருளா வச்சுத் தச்சது.

மண் ரோட்டுல ஒரு நாள் போனா போதும், செம்மண் தூசி மாவு மாதிரி எல்லாத்துக்குள்ளயும் போயிடும். காயில் ஜிப்போட சுருள்ல அது உக்காந்துச்சுன்னா ரன்னர் (ஜிப்ப மூட இழுக்கற துண்டு) இழுக்க இழுக்க உப்புத்தாள் தேய்க்கற மாதிரி தேயும். ரெண்டாவது வருஷமே என்னோடது, மூடிக்கிட்டே போவேன், பின்னாலயே வாயத் தொறந்துக்கிட்டே வரும். பல்லு போயிடுச்சுன்னு நெனச்சேன், ஆனா பெரும்பாலும் போறது பல்லு இல்ல, ரன்னர்தான் உள்ள தேஞ்சு வாய் அகலமாயிடுது. கொறட்டால ரன்னரோட ரெண்டு ஓரத்தையும் லேசா அமுக்குனா ஒரு ட்ரிப் ஓடும். தெரியாத்தனமா எண்ணெய் போட்டுடாதீங்க, நான் ஒரு தடவ போட்டேன், அவ்வளவு தூசியும் அதுல வந்து ஒட்டிக்கிச்சு. மெழுகுவத்திய தேய்ச்சு விட்டா போதும்.

குளிர் காலத்துல இன்னும் கஷ்டம். உள்நாட்டுப் பக்கம் ஜூன், ஜூலைல காலைல ரெண்டு மூணு டிகிரி இருக்கும், பிவிசி அட்டை மாதிரி வெறச்சுப் போயிடும், துணியோ ராத்திரி பனில நனஞ்சு ஊறி தடிச்சு இருக்கும், பைய தச்சவங்க துணி காஞ்சு இருந்தா எவ்வளவு சுத்தளவோ அதுக்கு சரியா தச்சிருக்காங்க, ஒரு விரல் கூட தாராளம் விடல. என் மனைவி ஒரு பக்க டயர் மேல ஏறி நின்னு ரெண்டு கையாலயும் உருளைய அமுக்கிப் பிடிக்கணும், நான் இந்தப் பக்கம் ரன்னர இழுக்கணும், வெரல் மரத்துப் போயிருக்கும், இருபது நிமிஷம். மத்த சாமான் மொத்தத்தையும் கட்டி ஏத்த எங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஒவ்வொரு ட்ரிப்போட கடைசிக் காலையும் இதனாலயே கெட்டுப் போச்சு.

தையல் நூலும் அப்படித்தான். பையோட மேல் பக்கம், வெயில் நேரா விழற எடத்துல, மூணாவது வருஷம் நூல் இத்துப் போய் தொட்டா உதிர ஆரம்பிச்சுது. மெயில் போட்டேன். வாரண்டி ரெண்டு வருஷம், அதுவும் பை தேயற பாகம்னு பதில் வந்துச்சு. இங்க 2011லேர்ந்து நுகர்வோர் சட்டம் இருக்கு, வாரண்டி அட்டைல என்ன போட்டிருந்தாலும் விக்கற பொருள் நியாயமான காலத்துக்கு உழைக்கணும்ங்கறது தனி உரிமை. அதையும் எழுதினேன். மூணு மாசம் மாறி மாறி மெயில் போச்சு, கடைசில புதுப் பைய 95 டாலருக்கு தள்ளுபடில தர்றேன்னாங்க. அதே பை, அதே ஜிப், அதே நூல். எதுக்கு எனக்கு?

நியாயமா ஒண்ணு சொல்லணும், இதே ஆளுங்கதான் மொத வருஷம் ஒரு கம்போட திருகு பூட்டு நழுவுதுன்னு சொன்னதும் ஒரு கேள்வி கேக்காம நாலே நாள்ல புதுக் கம்பு அனுப்பினாங்க. அத நான் மறக்கல. ஆனாலும் பை விஷயத்துல எனக்கு மனசு ஆறல.

சரி, நிழலுக்கு வரேன். 2024 மார்ச்சுல அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. கோடை முடிஞ்சுதுன்னு நெனச்சு கின்ச்சேகா நேஷனல் பார்க் கூட்டிட்டுப் போனோம், புரோக்கன் ஹில்லேர்ந்து 110 கிலோமீட்டர் கிட்ட இருக்கற மெனிண்டி ஊர் பக்கத்துல, டார்லிங் ஆத்தங்கரையில. 38 டிகிரி. ஆத்தோரம் பூரா ரிவர் ரெட் கம் மரங்க, ஒவ்வொண்ணும் நம்ம ஊர் ஆலமரம் அளவுக்கு பருத்து நிக்குது. அம்மா எறங்குனதும் நேரா ஒரு மரத்தடிக்குப் போய் துண்ட விரிச்சிட்டாங்க. அவங்கள எழுப்ப நான் பட்ட பாடு! நமக்கு மரம்னாலே நிழல்தான், அதுலேர்ந்து ஆபத்து வரும்னு நெனக்கவே மாட்டோம். ஆனா இந்த ரெட் கம் மரம், காத்தே இல்லாத வெயில் நாள்ல கூட சொல்லாம கொள்ளாம பெரிய கிளைய முறிச்சுப் போடும், அதுக்குக் கீழ டென்ட் போடாதன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. அப்ப நிழலுக்கு எங்க போறது? வண்டியத் தள்ளி வெட்டவெளில நிறுத்தி நம்ம நிழல நாமதான் விரிக்கணும். ஆனிங் இந்த ஊருக்கு ஏன் வேணும்னு யாராவது கேட்டா நான் மொதல்ல இதத்தான் சொல்லுவேன்.

விரிச்சு அஞ்சு நிமிஷத்துல அம்மா அடியில ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. பாலிகாட்டன் துணி வெறும் பாலியஸ்டர் மாதிரி சூட்ட கீழ எறக்காது, தலைக்கு மேல அனல் அடிக்காது. அங்கயே ஸ்டவ் வச்சு டீ போட்டாங்க, மத்தியானம் புளிச்சாதம், சாயங்காலம் வரைக்கும் அங்கயே பேசிட்டு இருந்தோம். "நல்ல பந்தல்டா, ரெண்டு வாழமரம்தான் இல்ல"ன்னாங்க. அன்னிலேர்ந்து எங்க வீட்டுல அதுக்குப் பந்தல்னுதான் பேரு. ஊருக்குத் திரும்பிப் போனப்புறம் போன்ல எல்லார் கிட்டயும் அவங்க சொல்றது ஆப்பரா ஹவுஸ் பத்தி இல்ல, அந்தப் பந்தல் பத்தி.

வண்டிய எப்படி நிறுத்தறதுங்கறதுல ஒரு விஷயம் இருக்கு. இங்க உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் சாஞ்சு இருக்கும், ஊர்ல பழகின கணக்கு இங்க உதவாது. ஆனா மத்தியானம் பெரிய தொல்ல இல்ல, மூணு மணிக்கு மேல மேக்கால இருந்து சாஞ்சு உள்ள நுழையற வெயில்தான் தொல்ல. இடது பக்கம் ஆனிங் மாட்டியிருந்தா வண்டியோட மூக்கு தெக்க பாக்க நிறுத்துங்க, ஆனிங் கெழக்குப் பக்கம் வரும், மேக்கு வெயில வண்டியே மறைச்சுக்கும். மாட்டறதும் இடது பக்கமேதான் மாட்டணும், ரோட்டோரம் நிறுத்தி விரிச்சா மத்த வண்டி போற பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.

மழ. 2022ல சிட்னிக்கு ரெக்கார்டு மழ, அந்த வருஷம் செப்டம்பர்ல மங்கோ நேஷனல் பார்க் போனோம். நாப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தி வாழ்ந்தவங்களோட எலும்பு கெடச்ச எடம், அந்த மணல் மேட்டுல நின்னா பேச்சு வராது, அதப் பத்தித் தனியா எழுதணும். ராத்திரி மழ வந்துச்சு. பத்து மில்லிமீட்டர் மழன்னா கேக்க சின்னதா இருக்கும், ஆனா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்னா ஒரு லிட்டர், என் ஆனிங் ஆறே கால் சதுர மீட்டர், அப்ப அறுபத்திரெண்டு லிட்டர், மட்டமா விரிச்சு வச்சு தண்ணி நடுவுல குளம் கட்டுச்சுன்னா ரெண்டு கை அலுமினியத்துல தொங்கறது அறுபத்திரெண்டு கிலோ. வளைஞ்சே போயிடும். அதனால படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலக் கம்ப மட்டும் ஒன்றரை அடி எறக்கி விட்டுடணும், தண்ணி அந்தப் பக்கமா வடியும். நான் எறக்கி வச்சிருந்தேன், ஒண்ணும் ஆகல. காலைல மண் ரோட்ட மூடிட்டாங்க, இன்னொரு நாள் அங்கயே, அந்த ஒரு நாளும் அஞ்சு பேரும் அதுக்கு அடியிலதான் இருந்தோம், ஒரு சொட்டு எறங்கல. (புதுசா வாங்கினதும் வீட்டுலயே ரெண்டு மூணு தடவ ஹோஸ்ல நனச்சு காய விட்டுடுங்க, பருத்தி நூல் ஊறி ஊசி ஓட்டைய அடைச்சுக்கும், இல்லன்னா மொத மழைல தையல் வழியா கசியும்.) ஈரமா சுருட்டிட்டு வந்தா வீட்டுல ரெண்டு நாளுக்குள்ள விரிச்சு காய வச்சே ஆகணும். அந்த வருஷம் சிட்னில காய வைக்க வெயிலே கெடைக்கல, ஒரு ஓரத்துல கரும்பூசணம் பிடிச்சுது, இன்னிக்கும் போகல.

இப்ப தம்பி கேட்ட 270. நல்ல பொருள்தான், பின்பக்கம், பக்கவாட்டு ரெண்டுக்கும் நிழல், விசிறி மாதிரி ஒரே ஆள் விரிச்சிடலாம். ஆனா எடைய யோசி. என் வண்டியோட மேனுவல்ல கூரை மேல 80 கிலோ வரைக்கும்தான் ஏத்தலாம்னு இருக்கு. மண் ரோட்டுக்கு அத ஒன்றரையால வகுக்கச் சொல்ற ரேக் (கூரை மேல மாட்டற சட்டம்) கம்பெனிங்க இருக்கு, 53 ஆச்சு. ரேக்கே 28 கிலோ, மீதி 25. நான் பாத்த 270 ஒண்ணு 24 கிலோ, என்னோடது 12. 24 கிலோவ ஒரே பக்கமா தொங்க விட்டுட்டு மேல வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னா என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு, கம்பே இல்லாம தானா நிக்கும்னு விளம்பரத்துல காட்டுவாங்க, காத்து வந்தா அதுக்கும் கம்பு, கயிறு, முளை எல்லாம் வேணும். நீ ரெண்டு பேர் குடும்பம், நேரா இழுக்கறதே தாராளம்.

ஆனிங்க ரேக்கோட சேத்துப் பிடிக்க பிராக்கெட் ரெண்டு குடுப்பாங்க, மூணு போடு. நட்டு நைலான் வச்சதா போடு. பெட்ரோல் போட நிறுத்தறப்பல்லாம் கைய வச்சு ஆட்டிப் பாத்துடு.

கேன்வாஸ் கடைக்காரர் பெரியவர், படகுக்கு பாய் தச்சவராம். பைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு தலைய ஆட்டினார். ஜிப்ப பிச்சுப் போட்டுட்டு பெரிய பிளாஸ்டிக் பல்லு வச்ச பத்தாம் நம்பர் ஜிப் போட்டார், வெயில்ல இத்துப் போகாத பிடிஎஃப்இ நூல்ல தச்சார், நாலு விரக்கட துணி சேத்து சுத்தளவ பெருசாக்கினார், ஜிப் மேல தூசி விழாம அகலமா ஒரு மடிப்பு வச்சார். 140 டாலர். வீட்டுக்கு வந்து மாட்டி மூடிப் பாத்தேன், ஒரே கையில, ஒரே இழுப்புல மூடிக்கிச்சு. சந்தோஷம்தான் வரணும், எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான் வந்துச்சு. மிஞ்சிப் போனா நாப்பது டாலர் கூடுதலா வாங்கிட்டு இத அவங்களே தச்சுக் குடுத்திருக்கலாம். நாலு வருஷம் குளிர்ல என் மனைவி டயர் மேல ஏறி நின்னிருக்க வேண்டியதே இல்ல.

மார்க் போடச் சொன்னா நிழலுக்கு பத்துக்கு பத்து, மழைக்கு ஒம்பது, துணி இன்னும் பத்து வருஷம் வரும். ஆனாலும் தம்பி, பிவிசி பை வச்ச ஆனிங் வாங்காத. காசு கூட ஆனாலும், ரெண்டு மூணு கிலோ ஏறினாலும், அலுமினியப் பெட்டிக்குள்ளயே சுருண்டுக்கற மாதிரி வருது பாரு, அத வாங்கு. என்னோடத விக்கறியான்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க, குடுக்கல. ஈஸ்டருக்கு திரும்பவும் மெனிண்டி பக்கம்தான் போறோம், அதே பந்தல்தான் வரும். என் கிட்ட பிராக்கெட் ஒண்ணு உபரியா இருக்கு, உன் ரேக்கோட குறுக்குக் கம்பி எவ்வளவு அகலம்னு அளந்து அனுப்பு, பொருந்துச்சுன்னா பார்சல்ல போட்டு விடறேன்.