பாறை வளைவுகளுக்கு வைட் லென்ஸா, டெலியா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்துப் பாறைகளைக் கட்டடம் மாதிரி எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பையில் வைப்பது அகலமாகப் பிடிக்கும் 16-35 மி.மீ. வைட் லென்ஸ். ஒன்றுதான் தூக்க முடியும் என்றால் நான் தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 டெலியை எடுப்பேன்.

வைட் தேவைப்படுவது பின்னால் நகர இடமில்லாதபோது. கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மேசா ஆர்ச் என்ற பாறை வளைவு பள்ளத்தின் விளிம்பிலேயே நிற்கிறது. விடிகாலை வெயில் கீழேயுள்ள செம்பாறையில் பட்டுத் திரும்பி, வளைவின் அடிப்பக்கம் உள்ளே விளக்கு வைத்ததுபோல் எரியும். அங்கே டெலி வேலைக்காகாது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் டபுள் ஆர்ச்சுக்கு அடியில் நின்றாலும் அப்படித்தான். ஆனால் கேமராவை அண்ணாந்து பிடித்தால் மேல்பக்கம் சுருங்கும். கட்டடம் என்றால் சுவர் சாய்வது உடனே கண்ணில் குத்தும், நிமிர்த்திவிடுவோம். பாறையில் நேர்கோடே இல்லாததால் சாய்வு தெரியாது, உயரம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. கட்டடத்துக்குக் கதவு, ஜன்னல் இருக்கிறது, பாறைக்கு என்ன இருக்கிறது? ஆளைத்தான் நிறுத்த வேண்டும். வைடில் ஆள் கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தாலே பூதமாகிவிடுவார், பின்னால் இருக்கும் வளைவு பொம்மையாகிவிடும். அதே ஆர்ச்சஸ் பூங்காவிலுள்ள டெலிகேட் ஆர்ச்சின் திறப்பு சுமார் 14 மீட்டர் உயரம். தள்ளிப்போய் நின்று, வளைவுக்கு அடியில் ஒருவரை நிறுத்தி டெலியில் எடுத்தால்தான் அந்த 14 மீட்டர் படத்தில் வரும், பின்னாலுள்ள லா சால் மலைகளும் எழுந்து நிற்கும். (இதை லென்ஸ் செய்வதில்லை, நீங்கள் தள்ளி நின்ற தூரம் செய்கிறது.)

பிரைஸ் கேன்யனிலும் டெலிதான். விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து பிளந்த ஆயிரக்கணக்கான பாறைத் தூண்களை விளிம்பிலிருந்து வைடில் எடுத்தால் துடைப்பக் குச்சிகள்தான் மிஞ்சும். நாலைந்து தூண்களை மட்டும் பிரித்தெடுங்கள், மண்டபம் தெரியும்.

டெலிக்கும் வியாதி உண்டு. உச்சி வெயிலில் தரைச்சூட்டில் காற்று நெளியும், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் தெளியாது, காற்றடித்தால் ட்ரைபாட் ஆடும். சரி, இரண்டையும் கொண்டுபோனால்? காற்றில் லென்ஸ் மாற்றினால் மணல் சென்சாருக்குப் போகும். வண்டிக்குள்ளேயே மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.

88 மீட்டர் அகலமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சில் மட்டும் இந்தச் சண்டையே இல்லை. 1991இல் ஒரு பாளம் விழுந்தபின் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள், நிற்கச் சொன்ன இடத்திலிருந்து சாதாரண 35 மி.மீ. போதும்.