விதைக்கு விடும் கொடி: பக்கத்தில் எதை நடலாம்?

பாலக்காட்டில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெள்ளரி கேட்டால் இரண்டு காய் வரும். விஷுக்கணிக்கு வைக்கிற மஞ்சள் கணிவெள்ளரி ஒன்று, பச்சையாகக் கடித்துத் தின்கிற சாலட் வெள்ளரி இன்னொன்று. பெயர்தான் ஒன்று. கணிவெள்ளரி முலாம்பழ இனம், குரோமோசோம் 24. சாலட் வெள்ளரிக்கு 14தான். ஒரே பாத்தியில் நட்டாலும் இவை கலக்காது. வீட்டு விதை எடுப்பவருக்கு நிம்மதியான ஜோடி.

கணிவெள்ளரியும் பொட்டுவெள்ளரியும் சேர்ந்தால்தான் வம்பு. பழுத்தால் வெடிக்கிற பொட்டுவெள்ளரியும் முலாம்பழ இனம், அதே 24. இரண்டையும் பத்தடி இடைவெளியில் நட்டோம். அந்த வருடக் காயில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருக்கவும் இருக்காது: சதை தாய்க்கொடியுடையது, கலப்பு விதைக்குள் ஒளிந்திருக்கும். அந்த விதையைப் போட்ட அடுத்த விஷுவுக்குத்தான் தெரிந்தது. கணிக்கு வைத்த காய் விடியும் முன்பே உருளிக்குள் வெடித்துக் கிடந்தது. அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்போ எண் ஒன்றானால் கலந்துவிடுமா? அதுவும் இல்லை. பாகல், சுரை, புடலை மூன்றுக்கும் 22தான், ஆனால் பேரினம் வேறு வேறு. ‘பாகல் பக்கத்தில் சுரை வைத்தால் கசக்கும்’ என்பார் பெரியப்பா. பாவம் பாகல். சுரை கசக்கக் காரணம் அதற்குள்ளேயே இருக்கும் குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள். கசப்புச் சுரையோடு முன்பு கலந்த விதையாக இருக்கலாம். (அப்படிக் கசந்தால் சமைக்காதீர்கள், அது நஞ்சு.)

பீர்க்கையும் நுரைப்பீர்க்கையும் இரண்டுங்கெட்டான். இரண்டுக்கும் 26. பீர்க்கை சாயங்காலம் பூக்கும், நுரைப்பீர்க்கை விடிகாலையில். நேரம் வேறு என்று நம்பிவிடக் கூடாது, கலந்தால் முளைக்கும். ஆனால் அந்தக் கலப்புக் கொடி ஓரளவு மலடு. ஒன்றை மட்டும் நடுவேன், அல்லது மொட்டிலேயே பையைக் கட்டிக் கையால் மகரந்தம் சேர்ப்பேன்.

விதையில்லாத் தர்பூசணி இதற்கெல்லாம் நேர் எதிர். சாதாரணத் தர்பூசணிக்கு 22. அதை இரட்டிப்பாக்கிய 44 தாய்க்கொடியில் 22இன் மகரந்தத்தைச் சேர்த்தால் வருவது 33. அந்த 33 குரோமோசோமும் சரியாக ஜோடி சேராது, விதையும் பிடிக்காது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சோணிமாவும் சுவர்ணாவும் இந்த வகைதான். ஒவ்வொரு முறையும் விதை வாங்கித்தான் ஆக வேண்டும். அப்புறம், இதன் மகரந்தமும் உதவாது. பக்கத்தில் ஒரு சாதாரணத் தர்பூசணிக் கொடி இல்லாவிட்டால் காயே பிடிக்காது.