கோத்தகிரிக் குளிரில் நாலு வருஷம்: மூன்று முறை செத்துப் பிழைத்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்

எங்கள் வீட்டு டிவி பழசு. படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது, இன்டர்நெட் மட்டும் வராது. அதைத் தூக்கிப்போட மனசு வராமல்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கினோம். இன்டர்நெட்டில் வரும் படங்களைப் பழைய டிவியில் காட்டும், விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு. டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகி, தனியாகக் கரண்ட் கொடுத்து, வைஃபையில் இணைத்தால் வேலை முடிந்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இந்த வகைச் சாமான் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நாலு வருஷத்தில் அது மூன்று முறை உயிரை விட்டது. ஒரு முறைகூட அதற்குள்ளே எதுவும் கெட்டிருக்கவில்லை.

முதல் சாவு ஆறாவது மாதமே நடந்தது. லோகோ வரும், திரை கறுப்பாகும், மறுபடி லோகோ வரும். ஒரு வாரத்தில் அந்த லோகோவும் நின்றுபோனது. கஸ்டமர் கேரில் “கழற்றி மாட்டிப் பாருங்கள்” என்றார்கள். மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஹாலில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் டிவியும் செட்டாப் பாக்ஸும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. ஸ்டிக்கோடு வந்த அடாப்டரைப் பெட்டியிலேயே தூங்கவிட்டு, ஒயரை டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் சொருகியிருந்தேன். அந்தப் பழைய யுஎஸ்பி 2.0 துளை தரக் கணக்குப்படி 0.5 ஆம்பியர்தான் கொடுக்கும். ஸ்டிக்கின் அடாப்டரில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போது அரை வயிற்றுக் கஞ்சியில் ஓட்டிவிடும். விழித்தெழும் நேரத்திலும் வீடியோ ஓடும் நேரத்திலும்தான் அதிகம் இழுக்கும். அங்கே போதாமல் மயங்கி விழுகிறது. அடாப்டரை எடுத்துச் சுவரில் மாட்டினேன், அடுத்த நிமிஷம் எழுந்துகொண்டது.

“ஹெச்டிஎம்ஐ வழியாகவே கரண்ட் வராதா?” என்று என் மச்சான் கேட்டான். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஹெச்டிஎம்ஐயில் 5 வோல்ட் ஒயர் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதில் கொடுப்பது ஸ்டிக், வாங்குவது டிவி. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று டிவிக்குச் சொல்லத்தான் அந்த ஒயர்.

இரண்டாவது சாவுதான் எனக்குப் பாடம் எடுத்தது. இரண்டாம் வருஷம் ஏப்ரல், கோடை மழை இடியோடு இறங்கிய ஒரு சாயங்காலம். கரண்ட் பத்து நிமிஷத்தில் மூன்று முறை போய்ப் போய் வந்தது. பைக்காராவில் 1932-லேயே தண்ணீரில் கரண்ட் எடுத்துக் கீழே அனுப்ப ஆரம்பித்த மலை இது. எங்கள் தெருவில் காற்றடித்துக் கற்பூர மரக்கிளை ஒயரில் விழுந்தால் மட்டும் ராத்திரி முழுக்க மெழுகுவர்த்திதான். சரி, அந்தப் புலம்பல் இருக்கட்டும். மறுநாள் காலையில் ஸ்டிக்கின் குட்டி விளக்கு மங்கலாக எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. விளக்கு எரிகிறதே, அப்படியானால் கரண்ட் வருகிறது, ஸ்டிக்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பஜாரில் ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஸ்டிக்கோடு அடாப்டரையும் கொண்டுபோனேன். அவர் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. அடாப்டரைப் பிளக்கில் மாட்டி மல்டிமீட்டர் வைத்தார். 5.1 வோல்ட் காட்டியது. “பாருங்கண்ணா, இது நல்லாத்தானே இருக்கு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, 1 ஆம்பியர் இழுத்துச் சுமை கொடுக்க 5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதில் இணைத்தார். மீட்டர் சரசரவென்று 3.6-க்கு இறங்கியது. “கைவீசி நடக்கச் சொன்னா எல்லாரும் நடப்பாங்க தம்பி. பச்சைத் தேயிலை மூட்டையைத் தலையில வச்சு ஏத்தத்துல ஏறச் சொன்னாத்தானே முழங்கால் தெரியும்” என்றார். அடாப்டரைப் பிரித்தபோது உள்ளே கரண்டைச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. விளக்கு எரிய ரொம்பக் கொஞ்சம் கரண்ட் போதும். அதை நம்பி ஒன்றும் முடிவுகட்டக் கூடாது.

5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை அவர் கொடுத்தார். 1 கேட்கும் இடத்தில் 2 கொடுத்தால் எரிந்துபோகாதா என்று பயந்தேன். தொட்டி பெரிதாக இருப்பதால் குடம் உடையாது. ஆம்பியர் என்பது அடாப்டரால் கொடுக்க முடிந்த அளவு, ஸ்டிக் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். பொருந்தியே ஆகவேண்டியது வோல்ட். வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை முனை மாற்றிச் சொருகும் விளையாட்டு மட்டும் வேண்டாம். நல்ல செல்போன் சார்ஜர் இருந்தால் கடைக்குப் போகும் முன் அதையே மாட்டிப் பார்க்கலாம். ஃபாஸ்ட் சார்ஜர் என்றாலும் சாமான் கேட்காதவரை 5 வோல்ட்தான் தரும். ஒயரையும் மாற்றிப் பாருங்கள். மெல்லிசான நீள ஒயர் வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் அண்ணனிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இந்த அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குகிறவை, லோ வோல்டேஜுக்கு அசராது. போன கரண்ட் திரும்பும்போதும் இடியின்போதும் வரும் துள்ளல்தான் எமன். ஸ்பைக் பஸ்டர் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதற்குள் துள்ளலை வாங்கிக்கொள்ளும் பாகம் அடி வாங்க வாங்கத் தேயும். பக்கத்தில் இடி விழுந்தால் எதுவும் நிற்காது, பிளக்கைப் பிடுங்குவதுதான் ஒரே வழி.

இதைக் கேட்ட பயத்தில் நான் தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சாவுக்கு அதுதான் வழி போட்டது. மூன்றாம் வருஷம் நவம்பர். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மேகம் ஜன்னல் வழியாக வந்து ஹாலில் உட்கார்ந்துகொள்ளும். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஷூவில் பூஞ்சை, ஜாடியில் உப்பு தண்ணீராகியிருந்தது. ஹீட்டரைப் போட்டு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, கையோடு ஸ்டிக்கையும் மாட்டினேன். விளக்குகூட எரியவில்லை.

இந்த முறை அடாப்டர் சரியாக இருந்தது, மூட்டையையும் சுமந்தது. டார்ச் அடித்து ஸ்டிக்கின் கரண்ட் துளைக்குள் பார்த்தால் பின்களில் பச்சையாகப் பாசி மாதிரி ஏதோ தெரிந்தது. செம்புக் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே களிம்புதான். சில்லிட்டுக் கிடக்கும் உலோகத்தில் அறையின் ஈரக்காற்று படும்போது நீர் கோத்துக்கொள்கிறது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போல. நான் ராத்திரிதோறும் குளிரவிட்டுக் குளிரவிட்டு அதை வியர்க்கவைத்திருக்கிறேன். அம்மா அரிசிப் பானைக்குள் போடச் சொன்னார். துளைக்குள் அரிசித் தூசி போவதுதான் மிச்சமாகும் என்று தடுத்துவிட்டேன். மெடிக்கலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, மறுநாள் மதிய வெயில் வந்த பிறகு மாட்டினேன். எழுந்துவிட்டது.

அதிலிருந்து ஸ்டிக்கை அணைப்பதே இல்லை. இடிக்காலத்தில் மட்டும் பிடுங்குவேன், அதுவும் மழை நின்றதும் திரும்ப மாட்டிவிடுவேன். ஸ்டாண்ட்பையில் ஒன்றரை வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஒரு யூனிட்தான் ஆகும். அந்த மெல்லிய சூடு அதை உலர்ந்தே வைத்திருக்கிறது. கீழே இருப்பவர்கள் ‘சூடாகிறது, அணைத்துவையுங்கள்’ என்பார்கள். அது மேட்டுப்பாளையத்துக்குச் சரி, இங்கே நான் கேட்கமாட்டேன். ஊருக்குப் போய்த் திரும்பினால் வீடு சூடாகி அரை மணியாவது போன பிறகுதான் மாட்டுவது.

நடுவில் பொய்ச் சாவுகளும் உண்டு. ஜனவரிக் குளிரில் ரிமோட்டின் பேட்டரி சோர்ந்துபோய், ஸ்டிக்கே போய்விட்டது போலத் தோன்றும். செல்போனில் இருக்கும் ரிமோட் ஆப்பில் தட்டினால் வேலை செய்யும். பேட்டரியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துப் போட்டால் அன்றைக்கு ஓடிவிடும். இன்னொரு தடவை என் பையன் டிவியை வேறு ஹெச்டிஎம்ஐக்கு மாற்றிவைத்திருந்தான். இதற்கும் நான் அடாப்டரைக் கழற்றியது வெட்கக்கேடு.

மற்றபடி ஸ்டிக் எப்படி? வேகம் முன்பு மாதிரி இல்லை, மெனு ஒவ்வொன்றும் யோசித்துத்தான் திறக்கிறது. 8 ஜிபி இடம் நிறைந்து, ஒரு ஆப் போட இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கிறது. படம், சத்தம் இரண்டிலும் குறையில்லை. இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. சாயங்காலம் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தொட்டுப்பார்ப்பார். “சூடாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துக்கொள்வார்.