திருகோணமலை அலுவலகத்துக்கு எது தாங்கும்: அமர்வு சேர்வரா, வீடிஐயா, கிளவுட் டெஸ்க்டாப்பா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு முடிந்தது. அதன்பிறகு உட்துறைமுக வீதி அலுவலகங்களிலும் நிலாவெளி ஹோட்டல்களிலும் ஒரே கேள்விதான். இருக்கிற கணினிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இன்டெல் புரொசசர் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, விண்டோஸ் 11 ஏறாது. இருபது கணினியையும் கழித்துவிட்டுப் புதியன வாங்குவதா, அல்லது பழையவற்றில் லினக்ஸைப் போட்டு வெறும் திரைகளாக வைத்துக்கொண்டு வேலையை வேறோர் இடத்தில் ஓட்டுவதா?

எட்டுப் பேருக்குக் குறைந்த அலுவலகம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. புதிய கணினிகளை வாங்கி, கோப்புகளுக்கு ஒரு சிறிய சேமிப்புப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்குத்தான் இந்த அலசல்.

போட்டியில் மூன்று இருக்கின்றன. முதலாவது, விண்டோஸ் சேர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் சேவை: ஒரே சேர்வர், ஒரே விண்டோஸ், அதற்குள் ஆளுக்கோர் அமர்வு. இரண்டாவது முழு வீடிஐ: ஒம்னிசா ஹொரைசன், சிட்ரிக்ஸ் போன்றவை, ஒரு மூலப் பிரதியிலிருந்து சேர்வருக்குள் ஆளுக்கொரு மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும். மூன்றாவது கிளவுட், அதாவது பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களிலிருந்து இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் டெஸ்க்டாப்: அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப், விண்டோஸ் 365, அமேசான் வேர்க்ஸ்பேசஸ். நமக்கான இயந்திரங்கள் பெரும்பாலும் பூனே, மும்பை போன்ற இந்திய நகரங்களில் இருக்கும்.

விற்க வருபவர்கள் மூன்றையும் வசதிகளை வைத்து ஒப்பிடுவார்கள். நான் பார்ப்பது வேறு. பழுதானால், கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் கடந்து ஆள் வருவதற்குள், இங்கே இருப்பவர் எதைத் திறந்து பார்க்க முடியும், எதை எழுப்ப முடியும்?

காலை எட்டரை மணித் தொலைபேசி

அதிகம் வரும் முறைப்பாடு இது: "ஐயா, என் டெஸ்க்டாப்பில் இருந்த கோப்பு ஒன்றையும் காணவில்லை." பயனரின் சுயவிவரம் (அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் அடங்கிய பகுதி) ஏற்றப்படாமல் விண்டோஸ் ஒரு தற்காலிகச் சுயவிவரத்தைக் கொடுத்திருக்கும். கோப்புகள் தொலையவில்லை என்று முதலில் ஆளைச் சமாதானப்படுத்த வேண்டும். அடுத்து, அந்தத் திரையில் எதையும் சேமிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெளியேறியவுடன் அது அழிந்துவிடும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சி டிரைவ் நிரம்பியிருக்கும், அல்லது அவருடைய சுயவிவர வட்டுக் கோப்பை முந்தைய நாள் முடிவடையாத அமர்வு ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். சொந்த சேர்வரில் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து அந்தப் பிடியை விடுவித்தால் ஐந்து நிமிட வேலை. அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டாப்பிலும் சுயவிவரங்களைக் கையாளும் எஃப்எஸ்லொஜிக்ஸ் இதே வகை வட்டுக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது, இதே பூட்டுத்தான் விழுகிறது. கிளவுட்டுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது மந்தம். இங்கே வீடிஐ வெல்கிறது. அமர்வு சேர்வரில் ஒருவர் பிரவுசரில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்தால் முழு அலுவலகமும் மூச்சு வாங்கும். வீடிஐயில் ஆளுக்கொரு மதில் இருக்கிறது. அவர் மட்டும் தவிப்பார். ஆனால் கண்டுபிடிப்பது அமர்வு சேர்வரில்தான் சுலபம். டாஸ்க் மேனேஜரில் பயனர் பட்டியலைத் திறந்தால் யார் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறார் என்று பெயரோடு தெரிகிறது. வெளியேறாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போனவர்களின் அமர்வுகளும் அங்கேயே கிடக்கும். துண்டிக்கப்பட்ட அமர்வை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்படி குழுக் கொள்கையில் (எல்லாப் பயனருக்கும் ஒரே இடத்தில் விதி வைக்கும் விண்டோஸ் வசதி) ஒரு தடவை வைத்தால் பாதி மந்தம் போய்விடும். இதைச் செய்யாமல் நினைவகம் வாங்கச் சொல்பவர் பொருள் விற்க வந்தவர்.

அமர்வு சேர்வருக்கே உரிய ஒரு பொறி உண்டு. ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் இல்லாமலே அது 120 நாள் ஓடும். சில நிறுவனங்கள் நிறுவிக் கொடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில், உரிம சேர்வர் இல்லை என்று சொல்லி ஒருவரையும் உள்ளே விடாது. அப்போதும் நிர்வாகிக்குரிய வழியால் உள்ளே போக முடியும், ஆனால் காசாளர் சிட்டை அடிக்க முடியாது. நிறுவிய அன்றே உரிமக் கண்டறியும் கருவியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். உரிமம் ஆளுக்கா இயந்திரத்துக்கா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

அச்சிடுவதில் கிளவுட் தோற்கிறது. நம் ஊரில் இன்னும் பல கடைகளிலும் விடுதிகளிலும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரில்தான் சிட்டை அடிக்கிறார்கள். பூனேயில் உருவாகும் சிட்டை இணையத்தால் திரும்பி வந்து, இங்குள்ள கணினி வழியாக அந்தப் பிரின்டருக்குப் போக வேண்டும். வழியில் தாளின் அளவு மாறும், எழுத்து படமாகி ஊர்ந்து வரும். சொந்த சேர்வரில் பிரின்டருக்கு உள்வலை முகவரியைக் கொடுத்து நேரடியாகப் பூட்டிவிடலாம். வரிசை சிக்கினால் அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, தேங்கிய கோப்புகளை அழித்து, மீண்டும் தொடங்கினால் போதும். இதை ஒரு லிகிதருக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவையும் மறந்துவிடக் கூடாது. யுனிகோட் வந்து எவ்வளவு காலமானாலும் பழைய கடிதங்களும் படிவங்களும் பாமினியில்தான் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அமர்வு சேர்வரில் ஒரு தடவை நிறுவினால் எல்லோருக்கும் சரி. வீடிஐயில் மூலப் பிரதிக்குள் போட மறந்தால், பயனர் தானே நிறுவினாலும் வெளியேறும்போது டெஸ்க்டாப் பழைய நிலைக்குத் திரும்ப, மறுநாள் அதே குப்பை, அதே தொலைபேசி.

மின்சாரமும் உப்பும்

சொந்த சேர்வரின் பலவீனம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதற்கு நாடே இருண்டது. யூபிஎஸ் என்று ஒரு பெட்டி எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள யூஎஸ்பி வயரை சேர்வரில் செருகியிருப்பவர்கள்தான் குறைவு. அந்த வயர் இல்லாவிட்டால் பற்றரி தீரப்போவது சேர்வருக்குத் தெரியாது. ஒழுங்காக மூடாமல் பட்டென்று நின்றுவிடும், அடுத்த காலை தரவுத்தளம் திறக்காது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மலிவான ஜெனரேட்டரின் அலைவெண் ஆடும்போது சாதாரண யூபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காமல் பற்றரியிலேயே நிற்கும். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க சேர்வர் அணைவதைப் பார்த்துத் திகைப்பார்கள். ஒன்லைன் வகை யூபிஎஸ் விலை கூட, ஆனால் அதற்கு மாற்று இல்லை.

சோளகம் வீசும் மாதங்களில் வெக்கை, கடலோரத்தில் எந்த மாதமும் உப்பு. சேர்வர் அறைக்கு 18 முதல் 27 பாகை வரை நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. ஈய அமிலப் பற்றரியின் ஆயுள், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் சேர்வர் அறைக்குக் கடலைப் பார்த்த ஜன்னலில் காற்றிழுக்கும் விசிறி பூட்டியிருந்தார்கள். குளிர்ச்சிக்காம். நினைவகக் கட்டையைக் கழற்றினால் தங்கநிறத் தொடுமுனைகளில் பச்சைப் பூப்பு. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்ததும் இயந்திரம் எழுந்தது; விசிறியை அகற்றி ஜன்னலை அடைக்கச் சொன்னேன். காரணமில்லாமல் சேர்வர் மறுதொடக்கம் ஆகிறது என்று யாராவது சொன்னால், கடலோரத்தில் மென்பொருளைத் தொடுவதற்கு முன் நான் மூடியைக் கழற்றுவேன்.

கிளவுட்டுக்கு இவை எதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கிளவுட்டுக்குப் போகும் வயர் நம் வீதியால்தான் போகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. வாடைக் காலம் என்றால் அப்படியொன்று வரலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். ஃபைபர் அறுந்தால் நான்காம் தலைமுறை இணைப்பு இருக்கிறது என்பார்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தபிறகு மூன்றாவது வழி ஒன்று கிடைத்திருக்கிறது. கிளவுட்டை நம்பும் அலுவலகம் அதன் மாதச் செலவையும் கணக்கில் போட வேண்டும். சொந்த சேர்வர் உள்ள இடத்தில் இணையம் போனாலும் சிட்டை அடிபடும், கணக்கு நடக்கும்.

வீடிஐ ஏன் கீழே போகிறது

நல்ல தொழில்நுட்பம், தவறான ஊர் அளவு. டெஸ்க்டாப் வரவில்லை என்ற ஒரே முறைப்பாட்டுக்கு இணைப்புத் தரகர், சான்றிதழ், பெயர்த் தீர்வு, அடைவுச் சேவை, பகிரப்பட்ட சேமிப்பகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தவுடன் முப்பது மெய்நிகர் கணினிகள் ஒரே நேரத்தில் எழும்பினால் சேமிப்பகம் திணறும். பழைய நிலைப்பதிவுக்கு ஓர் இயந்திரத்தைத் திருப்பினால், முப்பது நாளுக்கொரு தடவை மாறும் அதன் கணினிக் கடவுச்சொல் ஒத்துப்போகாமல், அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் நிர்வகிக்கும் டொமைன் அதை வெளியே தள்ளும். மேசையிலிருந்து மெய்நிகர் விண்டோஸைத் தொட மைக்ரோசொஃப்டுக்குத் தனி உரிமமும் கட்ட வேண்டும். முழுநேரப் பராமரிப்பாளர் இருவரை வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது பொருந்தலாம். நீதிமன்ற வீதிக் கணக்காளர் அலுவலகத்துக்கு வேண்டாம்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடித்தள மென்பொருளாக விஎம்வெயார் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023 நவம்பரில் புரோட்கொம் அதை வாங்கி, டிசம்பரிலேயே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டது. சிறிய இடங்களுக்கு இன்று புரொக்ஸ்மொக்ஸ் போதும், ஹைப்பர்-வியும் போதும். புரொக்ஸ்மொக்ஸில் யூபிஎஸ் வயரைக் கவனிக்கும் திறந்த மென்பொருளும் ஒத்துழைக்கும்.

பணத்தில் கிளவுட்டின் குறை மாதாந்தக் கட்டணம் அல்ல, அது டொலரில் வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. ஆள் கூடாமலே சிட்டை முக்கால் பங்குக்கும் மேல் கூடியது. சொந்த சேர்வரின் விலை வாங்கிய அன்றோடு முடிந்துவிடும்.

காப்புப்பிரதியில் யாருக்கும் விலக்கில்லை. 2023இல் இலங்கை அரச கிளவுட்டை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒரு பணயத் தாக்குதல் பிடித்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிய மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013இன் ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த ஒன்று மூதூர்க் கிளையிலும் இருக்கலாம், கிளவுட் சேமிப்பகத்திலும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கொரு தடவை ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். ரெய்டு (ஒரே தரவைப் பல வட்டுகளில் வைக்கும் முறை) இருக்கிறது, காப்புப்பிரதி எதற்கு என்று கேட்கும் முதலாளிக்குப் பதில்: கணக்குக் கோப்பை யாராவது தவறுதலாக அழித்தால், ரெய்டு அதை எல்லா வட்டிலும் ஒரே நொடியில் அழித்துத் தரும்.

சொந்த சேர்வரில் மன்னிக்க முடியாத தவறு, முதலாளி கொழும்பில் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389ஆம் துறையை (போர்ட்) ரவுட்டரில் திறந்து விடுவது. நிகழ்வுப் பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். தோற்ற உள்நுழைவு முயற்சிகள் இரவு முழுக்க வரிசையாகக் கிடக்கும். வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வர வயர்கார்ட் விபிஎன் இலவசம், ரவுட்டரில் துறையை மூட அரை நிமிடம். கிளவுட் டெஸ்க்டாப்பில் இப்படித் துறை திறக்கும் தேவையே வராது. இந்த இடத்தில் புள்ளி அதற்குத்தான்.

என் தெரிவு: இரண்டு நடுத்தர இயந்திரங்கள், அவற்றில் புரொக்ஸ்மொக்ஸ், மேலே உரிமம் கட்டிய அமர்வு சேர்வர், ஒன்லைன் யூபிஎஸ், வெளியிடத்தில் காப்புப்பிரதி. ஓர் இயந்திரம் போனால் மற்றதில் எழுப்பலாம், கழற்றிப் பூட்டவும் ஊரில் ஆள் உண்டு. கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று கிளைகள் பரந்து, சேர்வரை வைக்க நல்ல அறையும் இல்லாத நிறுவனம் கிளவுட்டுக்குப் போகட்டும்.

நிலாவெளி ஹோட்டல்கள் இரண்டையும் கலக்கலாம். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்துக்கு மட்டும் சேரும் ஊழியர்களுக்கு அசூரில் டெஸ்க்டாப் எடுத்து, பருவம் முடிந்ததும் நீக்கிவிடலாம். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. இயந்திரம் அணைந்திருந்தாலும் அதன் வட்டுக்கு மாதாமாதம் டொலர் ஓடிக்கொண்டிருக்கும்.